அஷ்லினுக்காக ஒரு உபவாசம்

எங்கள் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கல்யாணமான பெண்ணுக்கு ஊர் கொடுக்கும் கெடு மூன்று மாதம். அதற்கு மேல் "விசேஷம் உண்டா?" என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. கேட்காதவர்தான் மரியாதை தெரியாதவர்.

என் பக்கத்து வீட்டு மருமகள் அஷ்லினுக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் பி.எட். படிக்கிறாள். இரண்டாம் வருடம் நான்கு மாதம் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அது தவறினால் படிப்பு அந்தரத்தில் நிற்கும். முடித்துவிட்டுப் பிள்ளை பெறலாம் என்று அவளும் புருஷன் ஜோயலும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். வெளியே மூச்சு விடவில்லை. சொன்னால் ஊர் நம்பாது. ஏதோ கோளாறை மறைக்கிறார்கள் என்று கிளப்பிவிடும்.

சொல்லாமலே கிளப்பியது. ஜோயல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அதுதான் அவன் செய்த பாவம். பத்துப் பேர் ஏறினால் பத்து வைத்தியம். ஒரு பெரியவர், முருங்கைப்பூவைப் பாலில் போட்டு எத்தனை நாள் குடிக்க வேண்டும் என்பதை, வண்டி நின்ற பிறகும் இறங்காமல் விளக்கினார். ஓட்டுகிறவன் எங்கே ஓடுவான்?

ஜோயலின் அம்மா அற்புதமேரி அக்கா சும்மா இருப்பாளா? சபையில் வாசிக்கச் சொல்லி ஜெபக்குறிப்பு எழுதிப் போட்டுவிட்டாள். ஞாயிறு ஆராதனையில் போதகர் மழைக்காக ஜெபித்தார், ஆடுகளுக்கு வந்த நோய்க்காக ஜெபித்தார், மூன்றாவதாக ஜோயல், அஷ்லின் தம்பதிக்குக் கர்ப்பத்தின் கனி வேண்டும் என்றார். சபையே ஆமென் சொன்னது. உரக்கச் சொன்னவள் நான்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அஷ்லின் பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மழை வந்தது. ஆடுகள் பிழைத்தன. இவர்கள் பெயர் மட்டும் வாராவாரம் வாசிக்கப்பட்டது. போதகருக்கே கொஞ்சம் சங்கடம்.

கடைசியில் அக்கா உபவாசம் அறிவித்தாள். வெள்ளிதோறும் பச்சைத் தண்ணீர் மட்டும், மருமகள் உண்டாகும் வரைக்கும். அவளுக்குச் சுகர் வேறு. ஜோயல் தடுத்துப் பார்த்தான். உண்மையைச் சொல்லாமல் எப்படித் தடுப்பது? மூன்றாவது வெள்ளி, நான் அவள் வீட்டு ஜெபத்துக்குப் போய் உட்காரும்போதே அக்கா சுவரோடு சரிந்தாள். நான் காலைத் தேய்த்தேன். அஷ்லின் சர்க்கரைத் தண்ணீரை வாயில் புகட்டினாள். அக்கா கண் திறந்ததும் அந்தப் பெண் உடைந்து அழுதுவிட்டாள்.

"அத்தை, உங்க ஜெபத்துல ஒரு குறையுமில்ல. படிப்பு முடியட்டும்னு நாங்கதான் தள்ளிப் போட்டுருக்கோம். இனிமே பட்டினி கெடக்காதீக."

இன்றைக்கு இந்த வீடு ரெண்டாகப் போகிறது என்றே நினைத்தேன். அக்கா டம்ளரை வாங்கி மிச்சத் தண்ணீரையும் குடித்தாள்.

"பதினேழு வயசுல எனக்கு இவன் பெறந்தான். ஒனக்கு எப்ப வேணும்னு ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல, தாயி. அப்பிடிக் கேக்கலாம்னே எனக்குத் தெரியல. நானும் ஒன்னக் கேக்காமலே எழுதிப் போட்டுட்டேன்."

எனக்கு மூத்தவள் பிறந்தபோது வயது பத்தொன்பது. காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

ஊருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் மிச்சம். உள்ளதைச் சொன்னால் ஜோயலின் ஆட்டோவில் இன்னும் பத்து வைத்தியர்கள் ஏறுவார்கள். அந்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் அக்கா எழுந்தாள். உபவாசத்தில் கர்த்தர் தன்னோடு பேசினார் என்றாள். பிள்ளையைத் தாம் பத்திரமாக வைத்திருப்பதாகவும், முதலில் அவள் பி.எட். முடிக்கட்டும் என்றும் தெளிவாகச் சொன்னாராம்.

கர்த்தர் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச எங்கள் சபையில் யாருக்குத் தைரியம்? போதகர் பேனாவை எடுத்து ஜெபப் பட்டியலில் இரண்டு பெயரையும் அடித்தார்.

அக்கா சேலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். மருமகள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"பரீட்சையில கோட்டை விட்டுறாத, தாயி. கர்த்தர் பேரு கெட்டுப் போகும்."