தப்பே வராது என்றவருக்கு ஒரு வரி

எனக்குக் கணக்கு வரும், பொறுமை வராது. இரண்டையும் தெரிந்துகொண்டே என்னைக் கம்ப்யூட்டர் வேலையில் பிடித்துப் போட்டார் எங்கள் பேராசிரியர். எழுபதுகளின் நடுப்பகுதி அது. காரைக்குடியில் ஒரு கல்லூரியின் சிவில் துறையில் நான் ஆராய்ச்சி உதவியாளர். எம்.எஸ்ஸி. கணிதம் படித்த பெண்ணுக்குச் சிவில் துறையில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. அங்கேதான் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் வேலை என்றேனே தவிர, கம்ப்யூட்டரை நான் கண்ணால் பார்த்ததில்லை. அது மெட்ராஸில் ஒரு குளுகுளு அறையில் இருந்தது. என் கையில் இருந்ததெல்லாம் சைக்ளோஸ்டைல் செய்த ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகம் ஒன்றும் கட்டம் போட்ட தாள்களும்தான். கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரல் எழுதி ரயில் பார்சலில் அனுப்புவேன். அங்கே அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை போட்டு, இயந்திரத்துக்குக் கொடுத்து, அது அச்சடித்துத் தள்ளியதை மடித்து அனுப்புவார்கள். போய் வர ஒரு வாரம் ஆகும். அங்கே யாருக்காவது கல்யாணம் என்றால் இரண்டு வாரம்.

முதல் பார்சல் திரும்பி வந்த அன்று துறையே என் மேசையைச் சுற்றி நின்றது. பிரித்தால் உள்ளே ஒற்றைத் தாள், அதில் ஒரே வரி. ஓர் அடைப்புக்குறியை நான் மூட மறந்திருக்கிறேனாம். "இதைச் சொல்லவா மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வந்துச்சு?" என்று கேட்டார் அட்டெண்டர் அண்ணன். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். எங்கள் துறையில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைச் சுருட்டி எறிந்தேன். பிறகு நானே குனிந்து எடுத்தேன், பின்னே எந்த வரி என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது தடவை அடைப்புக்குறியெல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. சோதனைக்காக நான் அனுப்பிய எண்களில் எங்கோ ஒரு பூஜ்யம் இருக்க, அதால் வகுக்கச் சொல்லியிருக்கிறேன். முடியாது என்று அது கையை விரித்துவிட்டது. பின்னால் வரிசையில் இருந்த நல்ல கணக்குகளையும் பார்க்கவில்லை. ஒரு வாரம் போச்சு.

அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. தப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று நான் செய்வது. அது நான் திருத்தி எழுதினால் போய்விடும். மற்றது வெளியிலிருந்து வருவது. அது வரத்தான் செய்யும், வந்தால் என்ன செய்வது என்று முன்னாடியே யோசித்து வைக்க வேண்டும். எங்கள் அம்மா சந்தைக்கு ஆள் அனுப்பும்போது, "அயிரை கெடைக்கலேன்னா கெளுத்தி வாங்கு, அதுவும் கெடைக்கலேன்னா பேசாம வந்துரு" என்று சொல்லித்தான் அனுப்புவாள். சொல்லாமல் அனுப்பினால் அவன் சாயங்காலம் வரை மீன்காரி முன்னாலேயே நிற்பான். என் இயந்திரமும் அந்த ரகம்தான். அதனால் வகுக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கக் கற்றுக்கொண்டேன். வகுக்கும் எண் பூஜ்யமா என்று பார், பூஜ்யம் என்றால் ஒரு எச்சரிக்கையை அச்சடித்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போ, நின்றுவிடாதே.

பேராசிரியரின் ஆராய்ச்சி ஊருணிகளைப் பற்றியது. சுற்றுவட்டார ஊர்களில் ஊருணிக்குப் பக்கத்து வீட்டில் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, வாராவாரம் ஊருணியின் படிக்கட்டில் எத்தனை படி தண்ணீருக்குள் இருக்கிறது என்று தபால் கார்டில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். இந்த வாரத்து எண்ணைப் போன வாரத்து எண்ணால் வகுத்து, தண்ணீர் எப்படிக் குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் நேமத்தான்பட்டிக்கு அங்குட்டு இருந்த ஓர் ஊரின் ஊருணி அவருக்குச் செல்லப்பிள்ளை. பெரிய வீடுகளின் கூரைத் தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாக அதில் சேர்வதால் அது வற்றவே வற்றாது என்று நாலு கூட்டத்தில் பேசியிருந்தார். நேரில் போய்ப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

என் நிரலைப் பார்த்தவர் அந்த எச்சரிக்கை வரியில் விரலை வைத்தார்.

"இது என்னம்மா?"

"பூஜ்யம் வந்தா மெஷின் நின்னுரும் சார். அதுக்காக."

"என் டேட்டால பூஜ்யம் எப்படி வரும்? ஊருணில ஒரு படி தண்ணி கூடவா இருக்காது? என் டேட்டால தப்பே வராது. எடுங்க அதை."

எண்கள் எழுதிய தாள்களை அவர் என்னிடம் காட்டவும் இல்லை. பக்கத்து அறை விரிவுரையாளரை வைத்துக் கார்டுகளிலிருந்து எழுத வைத்து, அவரே உறையில் போட்டு ஒட்டினார். நிரல் மட்டும்தான் என் பாடு.

நான் அந்த வரியை எடுக்கவில்லை. தப்பே வராது என்று ஒருவர் அடித்துச் சொன்னால் எனக்குக் கை அரிக்கும். வராத இடத்தில் என்ன எழுதினால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள்? அதனால் 'வகுக்கும் எண் பூஜ்யம்' என்றிருந்த எச்சரிக்கையை அடித்துவிட்டு, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், நம்ம ஊர்ப் பேச்சில் இப்படி எழுதினேன்: தப்பே வராதுன்னீகளே சார், இந்தா வந்துருச்சு. எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டு பார்சலைக் கட்டினேன்.

இதற்கு நடுவில் ஒரு செய்தி வந்தது. மெட்ராஸில் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்திலேயே முழுப் பயிற்சி, ஒரு கல்லூரிக்கு ஓர் ஆள். சிபாரிசு செய்ய வேண்டியவர் பேராசிரியர். எனக்கு அன்றைக்கு மதியச் சோறு இறங்கவில்லை. நான் எழுதுவதையெல்லாம் விழுங்கி எனக்கே பதில் சொல்லும் அந்தச் சனியனை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. "இந்த ரிசல்ட் ஒழுங்கா வரட்டும், உங்க பேரையே போடுறேன்" என்றார் அவர். ஆள் மோசமில்லை, வாய்தான் கொஞ்சம் பெரிசு.

பார்சல் வந்த நாளில் டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். ஆராய்ச்சிக்கு உதவி கொடுக்கும் இலாகாவைச் சேர்ந்தவர், தமிழ் தெரியாதவர். பேராசிரியர் அவர் முன்னாலேயே உறையைப் பிரித்தார். தாள் மடிப்பு மடிப்பாக மேசையில் விரிந்து, வழிந்து, தரைக்கு இறங்கியது. முதல் சில பக்கங்கள் அழகான எண்கள். பிறகு செல்லப்பிள்ளை ஊருணியின் பக்கம் வந்தது. அந்தப் பக்கத்தின் நடுவில் என் வரி, அதற்குக் கீழே என் வரி, அதற்கும் கீழே மறுபடி என் வரி.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாளைத் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"தாப்பே... வாராது... நீகளே... சார்."

காப்பித் தட்டோடு நின்ற அட்டெண்டர் அண்ணனுக்குப் புரை ஏறியது. அவர் காப்பி குடிக்கவே இல்லை.

"இது என்ன?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

பேராசிரியர் ஒரு முறை படித்தார். உதட்டை அசைத்து இன்னொரு முறை படித்தார். காது மடல் சிவந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பிழைக் குறியீடு. எங்கள் துறையிலேயே உருவாக்கியது."

"பிரமாதம். மற்ற இடங்களில் ஒரு கெட்ட அட்டை வந்தால் இயந்திரம் அங்கேயே நின்றுவிடுகிறது. இது மீதி ஊருணிகளையும் முடித்துவிட்டதே. அறிக்கையைச் சீக்கிரம் அனுப்புங்கள்" என்றார் அவர், காப்பியைக் குடித்துவிட்டுப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினார்.

கார் வாசலைத் தாண்டியதும் கதவு சாத்தப்பட்டது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து தாள்களை வரவழைத்துப் பார்த்தோம். அந்த ஊருணிக்குப் போன கோடையில் வாரக் கணக்காக எண்ணே எழுதப்படாமல் கட்டம் வெறுமையாக இருந்தது. வெறும் கட்டத்தைப் பூஜ்யம் என்று படிப்பது அன்றைய ஃபோர்ட்ரானின் பழக்கம்.

"அங்க கார்டு போடுற அந்தம்மா எழுத மறந்திருக்கு, அவ்வளவுதான்," என்றார் பேராசிரியர். "வெறும் எடத்துலயெல்லாம் அதுக்கு முந்தின வாரத்து நம்பரைப் போட்டு, அந்தக் கிறுக்கு வரியத் தூக்கிட்டு, மறுபடி அனுப்புங்க. ரிசல்ட் நல்லா வந்தா மெட்ராஸ் போறீக. இல்லேன்னா பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு."

சேட்டைக்கு இது குறைந்த தண்டனைதான். சரி என்று தலையாட்டினால் ரயில் ஏறலாம். என் வாய் அதற்கு ஒத்துழைக்கவில்லை. "மறந்தாகளான்னு கேட்டுட்டு வாரேன் சார்" என்று சொல்லிவிட்டது.

மறுநாளே பஸ் ஏறினேன். சித்திரை வெயில். ஊருணி நாலு பக்கமும் படியோடு அழகாக இருந்தது, கடைசிப் படி வரைக்கும் எண்ணலாம். அடியில் வெடித்துக் கிடந்த மண்ணில் நாலு ஆடுகள் மேய எதுவும் இல்லாமல் நின்றன. கார்டு எழுதும் ஆச்சியின் வீடு எதிரிலேயே இருந்தது. போனதும் மோர் கொடுத்தார்கள்.

"ஆச்சி, போன வருசம் கோடையில கார்டு போட மறந்துட்டீகளா?"

"ஒரு வாரம் தவறுனது இல்ல ஆத்தா. தேதி போட்டு, ஊர் பேரு போட்டு, பெட்டியில நானே கொண்டு போயி போட்டேன்."

"எத்தனை படின்னு போடாம விட்டிருக்கீகளே?"

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "குடிக்கிற தண்ணிய இல்லைன்னு கைப்பட எழுதுவாகளா? எந்த ஊருப் பொண்ணு நீ? ஒங்க வீட்டுல அரிசி தீர்ந்தா இல்லைன்னா சொல்லுவீக? வெறுமனே விட்டா வெறுமனே இருக்குன்னு தெரியாதாக்கும்?"

எங்கள் வீட்டிலும் அரிசிப் பானை காலியானால் 'அரிசி வாங்கணும்' என்றுதான் அம்மா சொல்வாள். 'இல்லை' என்ற சொல் அடுப்படிக்குள் வராது. இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பேராசிரியர் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். இத்தனை பேர் படித்திருந்தும் எங்கள் துறையில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும்தான். மெட்ராஸ் இயந்திரம் ஒன்றுக்குத்தான் ஆச்சி சொன்னது சரியாகப் புரிந்திருக்கிறது.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். பேராசிரியர் நம்பவில்லை. "வற்றவே வற்றாது அது" என்று மேசையைத் தட்டினார்.

"அப்ப நீங்களே போயிப் பாருங்க சார். இன்னைக்கு அதுல ஆடு நிக்குது," என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க சொல்ற நம்பர நான் போட மாட்டேன். போட்டா அந்தக் கணக்கு என்னைக்கும் நிக்காம ஓடும், ஒருத்தருக்கும் ஒன்னும் தெரியாது. பக்கத்து ரூம்காரரையே அனுப்புங்க."

சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுமில்லாத தாளில் கட்டம் போட்டேன். மெட்ராஸ் போச்சு, வேலையும் போகலாம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் படலம் மறுபடி தொடங்கும். அந்த இயந்திரம் என்ன நிறம் என்றுகூடத் தெரியாமலே இந்த ஜென்மம் முடியப்போகிறது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பேராசிரியர் துறைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தார். வெயிலில் முகம் கறுத்து மூக்குத் தோல் உரிந்திருந்தது. பளபளவென்று இருக்கும் அவருடைய செருப்பில் அந்த ஊர்ச் செம்மண். நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஆச்சி மோர் குடுத்தாக," என்றார்.

"எனக்கும் குடுத்தாக சார்."

"ஊருணிக்குள்ள எறங்கி நின்னுக்கிட்டு, தண்ணி இருக்கா ஆச்சின்னு கேக்குறேன். 'ஆண்டவன் புண்ணியத்துல மழை பெய்யட்டும்'ங்கிறாக. கடைசி வரைக்கும் இல்லைன்னு அவுக வாயிலேர்ந்து வாங்க முடியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நாலு கூட்டத்துல பேசிட்டேன். இனி வத்தும்னு எழுதணும்" என்றார் மெதுவாக. அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். மெட்ராஸ் பயிற்சிக்கான சிபாரிசு. என் பெயர் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

அவர் அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"ஏம்மா, மெட்ராஸ்ல போயி எழுதுற புரோகிராம்லயும் இப்படித்தான் மனுசன வைவீகளா?"

"இல்ல சார்," என்றேன். "வஞ்சாலும் அங்க உள்ளவுக உங்கள மாதிரி நேர்ல போயிப் பாக்க மாட்டாக."