சீசனுக்கு மட்டும் ஒரு பெயர்

ஒரு விடுகதை. காசு கொடுத்தால் வரும், கையில் பிடிக்க வராது. ஊருக்கெல்லாம் வழி காட்டும், வருஷம் திரும்பும்போது கவனிக்காவிட்டால் அடுத்தவன் வாசலுக்குப் போய்விடும். அது என்ன?

பூனை என்று சொன்னவர்கள் உண்டு. விடை, இணையப் பெயர். ‘டாட் காம்’ என்று முடியுமே, அதுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பிரவுசிங் சென்டர் வைத்து, அந்தப் பெயர்களைப் பதிவு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. பதிவு செய்யக் கொஞ்ச நேரம் போதும். விளக்கிச் சொல்லத்தான் ஆயுள் போதாது. வீட்டில் அப்பாவுக்கு ஈமெயில் பார்க்கச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் நீங்களே அழுதிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. பக்கத்தில் உட்காருங்கள்.

ஒருவருக்கு ஒன்று

சவரிமுத்து பெருமாள்மலைக்காரர். ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் வெகுகாலம் விருந்தாளிகளின் பெட்டி தூக்கியவர். இருந்த நிலத்தில் பாதியை விற்று, மீதியில் மூன்று அறை கட்டினார். இனி அடுத்தவர் பெட்டியைத் தொடுவதில்லை என்பது அவர் சபதம். அறைகளுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வர வேண்டும். அதற்குத்தான் என்னிடம் வந்தார்.

பொறுமையாகச் சொன்னேன். இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட எண் உண்டு. அதை யாராலும் நினைவில் வைக்க முடியாது. அதனால்தான் பெயர். நாம் பெயரைத் தட்டினால், அதற்கு உரிய எண்ணைத் தேடிக் கொடுப்பதற்கென்றே வேறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒரே பெயர் இரண்டு பேருடைய எண்ணுக்குப் போனால் வழி குழம்பும் என்பதால், ஒரு பெயர் உலகத்திலேயே ஒருவருக்கு மட்டும்தான். அவர் ‘குறிஞ்சி’ கேட்டார், யாரோ எடுத்திருந்தார்கள். ‘பசுமை’யும் போயிருந்தது. கடைசியில் அவர் மனைவி ஸ்டெல்லா சொன்ன ‘மேகவாசல்’ கிடைத்தது. மழை மாதத்தில் அவர்கள் வாசலில் மேகம் வந்து நிற்குமாம்.

நான் பதிவு செய்து முடித்த பிறகும் சவரிமுத்துவின் முகம் தெளியவில்லை. “ஒலகத்துக்கே ஒரு ஆளுக்குத்தான் ஒரு பேருங்கிறீங்க. எங்க தெருவுல அந்தோணின்னு ஒரு சத்தம் குடுத்தா அஞ்சாறு பேரு திரும்புறான். அவனுகள என்ன சார் பண்றது?”

பெயர் சூட்டல்

நடுவில் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர், அழகர்சாமி. தோட்டத்தின் பெயரைப் பதிவு செய்துகொண்டு போனவர், மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பெயரைத் தட்டினால் வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறதாம். பெயர் என்பது போர்டு மட்டும்தான்; அது காட்டும் பக்கங்களைத் தனியாக எழுதி, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இடம் பிடித்து வைக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தேன். மறுபடியும் சொன்னேன். காகிதத்தில் வீடு வரைந்து, போர்டு வரைந்து, அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“ஆக, பேரு வச்சாச்சு, பிள்ளைதான் இன்னும் பெறக்கலன்னு சொல்லுங்க.”

சீசன் பூட்டு

மேகவாசலுக்குப் பக்கங்களையும் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் சீசன் நன்றாக நடந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் மூன்று அறையும் நிறைந்திருந்தன. வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைத் தட்டி வந்தவர்கள். போகும்போது மறக்காமல் எழுதிக்கொண்டும் போனார்கள்.

அக்டோபரில் மழை பிடித்தது. பெயரின் வருஷமும் முடிய வந்தது. இணையப் பெயரை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்குவதில்லை. வருஷக் குத்தகைதான். தவணை முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். ஆனால் எங்கள் மலையில் வேறு ஒரு பழக்கம் உண்டு. சீசன் முடிந்தால் லாட்ஜ்காரர்கள் கேபிளை நிறுத்துவார்கள். போனைக் கொஞ்ச காலம் தூங்க வைக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பார்கள். மெத்தையைச் சுருட்டி, அறையைப் பூட்டுவார்கள். மார்ச் கடைசியில் எல்லாவற்றையும் திறப்பார்கள். அதே எண், அதே கேபிள், திரும்ப வந்துவிடும். பெயர் அப்படித் தூங்காது, விட்டால் போய்விடும் என்று சவரிமுத்துவிடம் தலைகீழாக நின்று சொன்னேன். அவர் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

“மழையில ஒரு குருவி வராது சார். ஆளே வராத பேருக்கு எதுக்குச் சும்மா காச அழணும்? மார்ச்சுல வந்து வெரசா தெறந்துவிட்ருங்க.”

வாய்தா

தவணை முடிந்த அன்றே பெயர் பறிபோவதில்லை. பக்கம் நின்றுபோகும்; ஆனாலும் ஒரு மாதம் போல, பழைய கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். அதையும் விட்டால் இன்னும் கொஞ்ச நாள், பெரிய அபராதத்தோடு மீட்கலாம். அதன் பிறகு முதலில் கேட்கிறவருக்குப் பெயர் சொந்தம். இதைச் சொல்ல, மழையோடு பஸ் பிடித்துப் பெருமாள்மலைக்கே போனேன். சவரிமுத்து தகரக் கூரையில் ஒழுகல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணிக்குக் கீழே நின்று, ஒவ்வொரு கட்டமாக விளக்கினேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் விளக்க விளக்க அவர் பயம் குறைந்துகொண்டே வந்தது. இத்தனை வாய்தா கொடுக்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று முடிவு செய்துவிட்டார்.

வேறு வழியில்லாமல், நானே கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். ஏணியிலிருந்து இறங்கி வந்தார். இவ்வளவு நேரமும் இல்லாத கோபம் முகத்தில்.

“சீசன் இல்லாதப்ப பிச்ச எடுத்தான் சவரிமுத்துன்னு பேரு வரவா? உங்க சோலியப் பாருங்க சார். எம்பேரு எங்கிட்டே கெடக்கட்டும்.”

வாசலில் வேறொருவர்

மார்ச் கடைசியில் சவரிமுத்துவும் ஸ்டெல்லாவும் கடைக்கு வந்தார்கள். கேபிள் வந்துவிட்டது, போன் வந்துவிட்டது, பெயர் மட்டும்தான் பாக்கி. நான் பெயரைத் தட்டிக் காட்டினேன். ஏதோ ஊர் ஓட்டல்களின் விளம்பரங்கள் வரிசையாக வந்தன. மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்தப் பெயர் விற்பனைக்கு. கேட்டிருந்த தொகைக்கு நான்காவது அறையே கட்டிவிடலாம். இப்படிக் கைவிடப்படும் பெயர்களுக்காகக் காத்திருந்து எடுப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அது குற்றமும் இல்லை என்பதைச் சொல்லி முடித்தேன்.

சவரிமுத்து வெளியே போய் நின்றுகொண்டார். போன வருஷம் எழுதிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் இனி இந்தப் பக்கத்துக்குத்தான் வருவார்கள் என்பது அவருக்கு நான் சொல்லாமலே விளங்கியது. முதல் முறையாக. ஸ்டெல்லா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எடுத்த ஆளு இங்க வந்திருக்காராங்க? எங்க வாசல்ல மேகம் நிக்கிறதப் பாத்திருக்காராங்க?”

அறுபத்து மூன்று எழுத்து

ஏப்ரலில் அறைகள் காலியாகக் கிடந்தன. ஈஸ்டர் முடிந்ததும் சவரிமுத்து ஏரிப் பக்க லாட்ஜுக்கே திரும்பிப் போய்ப் பெட்டி தூக்கத் தொடங்கினார். ஸ்டெல்லா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெசியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அடுத்த சீசனுக்காவது சவரிமுத்து பெட்டியை விட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு பெயர் வேண்டும். “நான் வச்சது நெலைக்கல. இவ வைக்கட்டும்” என்றார்.

‘மேகவாசல் டாட் இன்’ காலியாக இருந்தது. ‘மலைமஞ்சு டாட் காம்’ என்பதும் இருந்தது. இரண்டையும் காட்டினேன். ஜெசி ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள்: இதையும் யாராவது எடுப்பார்களா? விட்டால் எடுப்பார்கள் என்றேன். ஒரு பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்றாள். புள்ளிக்கு முன்னால் அறுபத்து மூன்று ஆங்கில எழுத்து வரை என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ‘பெருமாள்மலைசவரிமுத்துவீட்டுமூணுரூம் டாட் காம்’ என்று எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அதுவும் காலியாக இருந்தது.

“இத எந்தத் திருடனுக்கும் ஸ்பெல்லிங் வராது அங்கிள்.”

யாரும் திருட வராத பெயரைத் தேடியும் யாரும் வர மாட்டார்கள் என்பதை ஒரு பிள்ளைக்கு விளக்கும் தைரியத்தை மட்டும் இந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தரவில்லை. மூன்றில் எது என்று கேட்டேன்.

ஜெசி நீளமானதைத் தேர்ந்தெடுத்தாள்.