எங்க வீட்டு ஆளு பாட்டு ஏத்தின கதை

சிடின்னா ஒன்னு ரெண்டு இல்லைங்க. கட்டிலுக்கு அடியில, அலமாரி மேல, சாமிப் படத்துக்குப் பின்னால, அரிசி வாளிக்குப் பக்கத்துல, எங்க கையை வச்சாலும் சிடிதான். எங்க வீட்டு ஆளு சவுண்ட் செட் வச்சிருந்தவரு. வச்சிருக்கிறவருன்னு சொல்லணும், இல்லாட்டி கோவிச்சுக்குவாரு. ஹட்டனுக்கு இந்தப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்துல திருவிழான்னாலும், கல்யாணம்னாலும், சாவுன்னாலும் இவரோட பெட்டிதான் பாடும். ரெண்டு பெரிய பெட்டிக்கு நடுவுல நின்னே பாதி ஆயுசு போயிருச்சு. காது என்னத்துக்கு ஆகும்?

காது மந்தம்னு எனக்கும் தெரியும். எவ்வளவு மந்தம்னு மட்டும் தெரியல. எப்படித் தெரியும்? கழுத்துல தாலி ஏறின நாள்ல இருந்து நான் பேசுறதைக் காதுல வாங்காத மனுஷன். நான் கத்துவேன், அவரு பாட்டுக்குத் தலையை ஆட்டிட்டுப் போவாரு. அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான். இதுல செவிடு எது, திமிரு எதுன்னு நான் எதை வச்சுப் பிரிக்கிறது?

சிடி போடுற மெஷின் ஒரேயடியா செத்துப் போச்சு. புதுசா வாங்கினது பென் டிரைவ் மட்டும்தான் ஏத்துக்கும். கொழும்புல வேலை செய்யுற மகன், அவன் பாவிச்ச பழைய லெப்டொப்பைக் கொண்டுக்கிட்டு நானுஓயா ஸ்டேசன்ல வந்து இறங்கினான். ஒரு நாள் முழுக்கப் பக்கத்துல உக்காந்து, சிடியை இப்படிப் போடணும், இதை அமுக்கணும், இந்த இடத்துல சேத்து வைக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டு ரயில் ஏறிட்டான்.

அதுக்கப்புறம் வீடு வீடா இல்லை. அந்த லெப்டொப்பு பாடினவரு பேரைக் கேக்குமாம், படத்துப் பேரைக் கேக்குமாம். இவருக்கு வந்துச்சே கோவம்! "எவன் பாடினா இதுக்கு என்ன? எந்த வீட்டுக்குப் போடுறதுன்னு கேக்கத் தெரியுதா இதுக்கு?" அவரு கணக்கே வேற. கல்யாண வீட்டுக்கு ஒரு போல்டர், சடங்கு வீட்டுக்கு ஒன்னு, கோயிலுக்கு ஒன்னு. சாவு வீட்டுக்கு மட்டும் ரெண்டு. பொணம் வீட்டுல கெடக்கும்போது போடுறது வேற, தூக்கும்போது போடுறது வேற. அது போக, 'கீழ் டிவிசனுக்கு வேணாம்'னு தனியா ஒன்னு. தோட்டத்தோட அந்தக் கீழ்ப் பகுதியில ஒரு கல்யாணத்துல நல்ல ஆட்டப் பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாப்பிள்ளையோட அம்மா விழுந்து செத்துப் போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பாட்டைக் கேட்டாலே அங்க அடிக்க வருவாங்க.

சிடி மேல பேனாவால எழுதினதெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு. எங்க ஊருப் பனிக்கு செருப்பே பூசணம் பூக்குது, சிடி தப்புமா? புள்ளி புள்ளியா, படை படையா பூத்துக் கெடந்துச்சு. அதனால ஒவ்வொன்னையும் ஏத்திட்டு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு, முழுசாக் கேட்டுட்டுத்தான் போல்டர்ல போடுவாரு. அரைப் பாட்டுல நிறுத்த மாட்டாரு. சோத்துக்குக் கூப்பிட்டா கையைக் காட்டுவாரு. கேட்டு முடிச்ச சிடியை என்கிட்ட நீட்டி, "நல்லா இருக்கு, இனி இது வேணாம்"னு சொல்லுவாரு. நானும் சனியன் தொலைஞ்சுச்சுன்னு நூல்ல கோத்து, நாங்க குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால போஞ்சிப் பாத்தியில குருவி விரட்டக் கட்டிருவேன்.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தோட்டத்துத் தலைவரு வீட்டுக்கு வந்தாரு. இழுத்து இழுத்துப் பேசினாரு. "அண்ணே, பசங்க டவுன்ல இருந்து செட் எடுப்போம்ங்கிறாங்க. உங்களுக்குக் காது கேக்கலைன்னு பேசிக்கிறாங்க. மனசுல வச்சுக்காதீங்க." இவரு தலைவரு வாயையே பாத்துக்கிட்டு இருந்துட்டுச் சிரிச்சாரு. "எந்தப் பய சொன்னது? ஒவ்வொரு பாட்டையும் இந்தக் காதால கேட்டுத்தான் ஏத்தியிருக்கேன். தேர் அன்னைக்கு ஒரு பாட்டு பிசகினாலும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துர்றேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

தலைவரு சரின்னுட்டாரு. எனக்கும் அப்பத்தான் மூச்சு வந்துச்சு. இந்தத் திருவிழாவும் கையை விட்டுப் போச்சுன்னா இந்த மனுஷன் படுத்துருவாரு. பெட்டியில கை வைக்கலைன்னா அவருக்குச் சோறு இறங்காது, அது எனக்குத் தெரியும்.

மறு ஞாயித்துக்கிழமை நல்ல மழை. தேத்தண்ணி ஊத்திக்கிட்டுப் போனேன். கண்ணை மூடிக்கிட்டு, தலையை ஆட்டிக்கிட்டு, மேசையில தாளம் போட்டுக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல போய் நின்னேன். எப்பவும் அந்த ஹெட்போன்ல இருந்து கொசு கத்துற மாதிரி பாட்டு வெளியில கசியும், அவ்வளவு கூட்டி வச்சிருப்பாரு. அன்னைக்கு ஒன்னும் காணோம். மழைச் சத்தமா இருக்கும்னு நெனச்சேன்.

அவரு கொல்லைப் பக்கம் போனாரு. நான் ஹெட்போனை எடுத்து மாட்டினேன். பாட்டு ஓடுதுன்னு திரையில நொடி ஓடிக்கிட்டு இருக்கு. காதுல ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. எதையாவது அமுக்கித் தொலைச்சிட்டேனோன்னு பயந்து போய் அடுத்ததைத் தொட்டேன். அது கணீர்னு பாடுச்சு. அதுக்கு அடுத்தது கரகரன்னு ரெண்டு வரி பாடிட்டு வாயை மூடிக்கிச்சு. அதுக்கு அடுத்தது சுத்தமா ஊமை. பூசணம் பூத்த சிடியில இருந்து பாட்டு ஏறவே இல்லை. நொடி மட்டும் ஒழுங்கா ஓடுது. எல்லாம் கோயில் போல்டர். எல்லாம் அவரு கேட்டு, நல்லா இருக்குன்னு சொல்லி வச்ச பாட்டு.

அடி ஆத்தீ! மந்தம் இல்லை, இவருக்குக் காதே இல்லை. எத்தனை நாளா? மாசக் கணக்கா உக்காந்து இவரு கேட்டதெல்லாம் என்ன? திரும்ப ஏத்தலாம்னா சிடி எங்க இருக்கு? பூசணம் தின்னது போக மிச்சத்தை நான்தானே மழையிலயும் வெயில்லயும் தொங்க விட்டேன், மேல் தோலு உரிஞ்சு வெறும் கண்ணாடியாக் கெடக்கு. மகனைக் கூப்பிட்டா மட்டும் என்ன செய்வான்? இவருகிட்டச் சொல்லலாம்னா, எந்த வாயால சொல்றது? "உங்களுக்குக் காது கேக்கலைங்க"ன்னு சொல்லணும். அதையும் இவருக்குக் கேக்குற மாதிரி, லயமே திரும்பிப் பாக்கிற மாதிரி கத்திச் சொல்லணும். என்னால முடியாது சாமி.

அதுக்குள்ள வந்து நின்னுட்டாரு. ஹெட்போன் என் காதுல. திட்டப் போறாருன்னு பாத்தா, மூஞ்சி எல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷத்துல நான் அவரோட பாட்டைக் கேக்கணும்னு உக்காந்ததே இல்லை.

"கேளு, கேளு. இதைக் கேளு. தேர் கிளம்பும்போது போடுறது"ன்னு ஒன்னைத் தேடி எடுத்து அமுக்கினாரு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு என் முன்னால உக்காந்தாரு.

சத்தமே இல்லை.

"எப்படி?"

"நல்லா இருக்கு"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். அவரு என் வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. கை சும்மா இருந்தா சந்தேகப்படுவாரோன்னு முழங்கால்ல தாளம் போட ஆரம்பிச்சேன்.

"அய்ய, அங்க இல்ல புள்ள, தப்பாப் போடுற"ன்னு சிரிச்சுக்கிட்டே என் கையைப் பிடிச்சாரு. திரையில ஓடுற நொடியைப் பாத்துக்கிட்டே, என் விரலைத் தூக்கித் தூக்கித் தட்ட வச்சாரு. பாட்டு முடியுற வரைக்கும் கையை விடல.