எஃப் பன்னிரண்டும் ஒரு பட்டமும்

கீபோர்டை மிளகோடு சேர்த்து வெயிலில் காயப்போடுகிற ஆளை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? என் வீட்டுக்காரர் போட்டார். கொல்லிமலைப் பனியில் எது நமுத்துப்போனாலும் மிளகுக் களத்தில் கொண்டுபோய்ப் பரப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் பட்டன்களெல்லாம் வளைந்து கிடந்தன. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி புதுக் கீபோர்டு ஒன்று அனுப்பினான். வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. என் டைப்பிங் கடைக் கம்ப்யூட்டரில் ஓடியது லினக்ஸ். திறந்ததும் தமிழ் வரும். எஃப் பன்னிரண்டைத் தட்டினால் இங்கிலீஷுக்கு மாறும். நானே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

அன்றைக்கு எங்கள் மலையிலேயே இருக்கிற குண்டனி நாட்டிலிருந்து ஒரு அண்ணன், மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மத்தியான பஸ்ஸில் அதை மலைக்குக் கீழே இருக்கிற அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெண்ணின் பெயரைத் தமிழில் அடித்தேன். பக்கத்தில் பி.எஸ்சி. என்று இங்கிலீஷில் போட எஃப் பன்னிரண்டைத் தட்டினேன். ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தம் கூடியது. மறுபடி தட்டினேன். பாட்டு அலறியது.

“படிப்பை உட்டுருங்க அம்மிணி, பஸ்ஸு வந்துரும். மாப்பிள்ளையே பத்தாவதுதானுங்க” என்றார் அவர்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையிறங்கிப் போய் ஹாஸ்டலில் தங்கி வாங்கிய பட்டம்!

“சித்த இருங்கண்ணா” என்று சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன்.

“அக்கா, அந்தப் பட்டன் முதல்ல சத்தத்தைத்தான் பார்க்கும். எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்தினாத்தான் எஃப் பன்னெண்டு.”

“ஒவ்வொரு தடவையுமா? எனக்கென்ன நாலு கையா இருக்குது? மாத்திக் குடுடா!”

அடிக்கவேண்டியதைச் சிரித்துக்கொண்டே எழுத்தெழுத்தாகச் சொன்னான். செட்டிங்கில் ஒன்று என்று இருந்ததை இரண்டாக்கினேன், அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தாலும் மாறாதபடி இன்னொரு வரியும் எழுதவைத்தான். எஃப் பன்னிரண்டைத் தட்டினேன். பாட்டுச் சத்தம் கூடவில்லை. பெயருக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவேண்டுமா!

பிரிண்ட் எடுத்து நீட்டும்போது பஸ் ஹாரன் கேட்டது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்து, “இதுதானா சாமி?” என்று மகளைக் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

“அம்மிணி” என்றார் என்னிடம், “பஸ்ஸு போனாப் போகுதுங்க. இதை இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடுங்க.”