சுவரில் இடித்த குழாய்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், என் மனைவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அவள் கண்ணயர்ந்தால் போதும், பக்கத்து வீட்டு முத்தையா தண்ணீர்க் குழாயை மூடுவான். நடுச்சுவரை நாற்பது யானைகள் முட்டும். அவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.

இன்று மத்தியானம் படையெடுத்துப் போனேன்.

"மெதுவா மூடேன்டா."

"எஞ்சின் வால்வு மூடுற கை மாமா, மெதுவா வராது. பைப்புதான் சுவத்துல ஆடுது. அதைக் கட்டிப்புடுவோம்."

குழாய்க்கும் சுவருக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபைத் திணித்து, கம்பியால் இறுக்கினான். யானைகள் அடுத்த ஊரான கிள்ளான்வரை ஓடிவிட்டன.

இப்போது அவள் தூங்குகிறாள். வீட்டில் சத்தமே இல்லை. நான்தான் நிமிடத்துக்கு ஒருமுறை அவள் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.

குழாய் அடங்கிவிட்டது. என் நெஞ்சு இடிப்பதற்கு எந்த டியூபைத் திணிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.