அடித்தளத்தில் அந்தமானுக்கு

கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்குள்ளேயே வளர்ந்தவர்கள் தென்னை மரம் பார்க்க எதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டும்? என் அண்ணன் கேட்ட கேள்வி இது. எனக்கு இன்றுவரை விடை தெரியாது. ஆனாலும் 1996 பொங்கல் கழிந்ததும் நான், அண்ணன், அவர் மனைவி மூவரும் அந்தமான் போனோம்.

அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் அழைப்பேன். ஐம்பத்திரண்டு வயது, கடலைப் பார்த்ததில்லை. ஊட்டி மலையில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும் என்று அவரை யாரும் எங்கும் அழைத்துப் போனதில்லை.

"கப்பல்ல வாந்தி எடுத்துப்போட்டீன்னா, இனி எங்கியும் கூப்படறேன்னு நெனைக்காதே" என்று அண்ணன் தீர்த்துச் சொல்லிவிட்டார். நங்கையா முகர்ந்துகொள்ளப் பன்னிரண்டு எலுமிச்சம்பழங்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார்.

சென்னையிலிருந்து விமானம் என்றால் இரண்டு மணி நேரம், ஆளுக்கு ஐயாயிரம் சொச்சம். கப்பலில் மூன்று இரவு. மேல்தளத்துக் கேபின் 2,600 ரூபாய். அடித்தளத்தில் அடுக்குக் கட்டில்கள் நிறைந்த பெரிய கூடம் இருக்கிறது. அதற்கு பங்க் என்று பெயர், 900 ரூபாய். விலை கூடினால் சுகமும் கூடும் என்பதை நான் நம்புவதில்லை. கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவள். காற்றில் தென்னையின் தலை ஆடுகிற அளவுக்கு அடிமரம் ஆடாது. கப்பலும் அப்படித்தான் என்று நங்கையாவை பங்குக்குச் சம்மதிக்க வைத்தேன்.

"படிச்சதையெல்லாம் என்ற ஊட்டுக்காரிகிட்ட சோதிச்சுப் பாக்காதே கண்ணு" என்று சொல்லிவிட்டு அண்ணன் தனக்கு மட்டும் கேபின் எடுத்தார்.

இரண்டாம் நாள் மதியம் கடல் புரண்டது. என் கணக்கு தப்பினால் நங்கையாவின் பயணங்கள் அதோடு முடிந்துவிடும். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ, "சாப்பாட்டு மணி அடிச்சாச்சுங்களா அம்மணி?" என்றார்.

சாப்பிட்டுவிட்டு மேலே ஏறினோம். அண்ணன் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். நங்கையா மஞ்சப்பையை அவர் கையில் வைத்தார்.

"இந்தாங்க, பன்னெண்டும் அப்படியே இருக்குதுங்க."

"நீ... சாப்பிட்டயா?"

"ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னுபோட்டனுங்க. உங்க ரூமுல சன்னல் நல்லா பெருசுங்க."

போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லாக் தீவு படகில் நான்கு மணி நேரம். கரையில் இறங்கியதும் நங்கையா ஒரு தென்னையை அண்ணாந்து பார்த்தார். "இங்கியும் வண்டு உழுந்திருக்குதுங்க அம்மணி." அதோடு சரி, மரங்களை அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றார்.

போகிறவர்களுக்கு: பங்கில் நடுப்பகுதிக் கட்டிலாகக் கேளுங்கள். போர்வையும் தட்டும் சொந்தமாக வேண்டும். கழிப்பறைக்கு விடியும் முன்பே போய்விடுங்கள். கப்பல் சொன்ன நாளில் கிளம்பாது, விடுப்பைக் கூடுதலாக எடுங்கள். பன்னிரண்டு நாளுக்கு எனக்கு 3,650 ரூபாய் ஆயிற்று. அண்ணனுக்கு 5,350. திரும்பும்போது அவரும் பங்க் எடுத்ததால்தான் அவ்வளவோடு நின்றது. நான் காரணம் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை பத்தேகாலுக்கு என் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"ஏனுங்க அம்மணி, காந்திபுரத்துல சூட்கேஸ் பெட்டி விக்கற கடைக்கு முன்னால நிக்கறனுங்க. செவப்பு வாங்கட்டுங்களா, நீலமா?"

"கூட யார் வந்தாங்க நங்கையா?"

"பஸ்சுல தனியாத்தான் வந்தனுங்க."

நீலம் என்றேன். சிவப்புப் பெட்டியை வாங்கினார்.