ரத்தம் வராத காயம்

அவரை எல்லோரும் பம்ப்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேரைக் கேட்டுவிட்டு யாராவது வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் போச்சு. அவர் வாயில் விழுந்து எழுந்துதான் திரும்பிப் போக வேண்டும். தான் பார்ப்பது டீசல் பம்ப் என்று ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார்.

டீசலை எஞ்சின் தானாகக் குடிக்காது, ஊட்டிவிட வேண்டும் என்பார். சிலிண்டருக்கு ஒன்றாகப் பம்புக்குள் உருக்குத் தண்டுகள் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு துளி டீசல் குழாய் வழியாக நாசிலுக்குப் போகும். நாசில் அதைப் பனி மாதிரிச் சிதறடித்து உள்ளே பீய்ச்சும். கொஞ்சம் முந்தினால் எஞ்சின் தட்டும், பிந்தினால் புகை கக்கும். "கார் டயர்ல இருக்கிற காத்தைவிட நூறு மடங்கு அழுத்தம். சும்மா இல்ல" என்று முடிப்பார். தான் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பெருமை அப்போது முகத்தில் இருக்கும்.

தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே தலைமுடிகூட நுழையாது. தண்ணீர் கலந்த டீசல் போனால் அங்கே துரு, தூசி போனால் கீறல். கீறல் விழுந்த பம்போடு வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். பாதி டிரைவர்கள் ஃபில்டரை மாற்றாமல், குழாயில் காற்று ஏறவிட்டு, பம்பே போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டு வருவார்கள். அவர் காற்றை வெளியேற்றி வண்டியைக் கிளப்பிக் காட்டிவிட்டு, இதற்குப் பதில் மாடு மேய்க்கப் போகலாமே என்று கேட்பார். அவர்களும் சிரித்துக்கொண்டு போவார்கள்.

தூசிக்குப் பயந்து பம்ப் அறையில் ஜன்னல் திறப்பதில்லை, மின்விசிறியும் கிடையாது. அந்தப் புழுக்கத்தில் அவரோடு தாக்குப்பிடித்தது அவர் மனைவி ஒருத்திதான். நாசில் சோதிப்பது அவள் வேலை. நாசிலைச் சோதனை மெஷினில் மாட்டிக் கைப்பிடியை அழுத்த வேண்டும், அது பீய்ச்சுவதைப் பார்க்க வேண்டும். நல்ல நாசில் கர்ரென்று உறுமும், கெட்டது ஒழுகும். அவள் பார்க்கக்கூட மாட்டாள், காதாலேயே சொல்லிவிடுவாள். அவளிடம் அவர் ஒருநாளும் அதைப் பாராட்டியதில்லை. டிரைவர்களிடம் மட்டும், நாசில் விஷயத்தில் நான் அவள் கால் தூசிக்குச் சமம் என்பார்.

அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது ஒரே அண்ணன். சின்ன வயதிலேயே அம்மா அப்பா போய்விட, அவளைச் சோறூட்டி, தலைவாரிவிட்டு வளர்த்தவர். கல்யாணம் பண்ணிக் கொடுத்த பிறகும் வாரம் தவறாமல் வந்துவிடுவார். "என் தங்கச்சியை இப்படி அடுப்புல வச்ச மாதிரி வேக வைக்கிறீங்களே மாப்பிள்ளை" என்று பாதி விளையாட்டாகவும் பாதி வினையாகவும் சொல்லிவிட்டு, அவள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அன்றைக்கு ஒரு பஸ் டிரைவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல வாசலில் நின்றார். அவள் ஒரு நாசிலைச் சோதிக்கையில் அது நேராகப் பீய்ச்சாமல் ஒழுகியது. முனையில் கரி இருந்தால் விரலால் துடைத்துவிடுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். அழுத்தம் இறங்கிவிட்டது என்று நினைத்து அவள் துடைத்தாள். இறங்கவில்லை. சுருக்கென்றது என்றாள். அவர் கையை வாங்கிப் பார்த்தார். ஆட்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை.

"எறும்பு கடிச்சதுக்கு இந்த ஆர்ப்பாட்டமா? சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா" என்றார்.

கழுவிவிட்டு வந்து மிச்ச நாசில்களையும் முடித்துக் கொடுத்தாள். பஸ் கிளம்பிப் போனது. மதியம் விரல் மரத்துப்போகிறது, டாக்டரிடம் ஒரு எட்டுப் போய் வரலாமா என்று கேட்டாள். வெந்நீரில் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த பம்பைப் பிரித்தார். சாயங்காலம் மறுபடியும் கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

விடிந்தபோது விரல் கறுத்து, உள்ளங்கை வீங்கி, அவளால் கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எதனால் குத்தியது என்று விசாரித்தார். அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்றும் கேட்டார். கார் டயர் காற்றைவிட நூறு மடங்கு என்று பழக்கதோஷத்தில் டக்கென்று சொன்னார் பம்ப்காரர். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு, அந்தச் சின்னப் புள்ளி வழியாக டீசல் சதைக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று நேற்று தோன்றவேயில்லை. உடனே வந்திருந்தால் திறந்து கழுவி விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ஆட்காட்டி விரலையும், டீசல் பரவியிருந்த நடுவிரலையும் எடுத்தார்கள்.

அண்ணன் பதறியடித்துக்கொண்டு வந்தார். கையில் இருந்த கட்டைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. எப்படிம்மா என்று கேட்டார். பம்ப்காரர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். தானே அசட்டையாக இருந்துவிட்டதாகவும், வலியை அவரிடம் சொல்லாமல் மறைத்துவிட்டதாகவும் சொன்னாள். அண்ணன் தங்கையைத்தான் கடிந்துகொண்டார். போதாக்குறைக்கு, மனசை விடாதீங்க மாப்பிள்ளை என்று இவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அந்தத் தடவலை அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு அவள் இடது கையால் சோறு பிசையப் பழகினாள். அவர் நாசில் வேலை வந்தால் வேறு கடைக்கு அனுப்பினார். அண்ணன் வாராவாரம் வந்து இவருக்கே ஆறுதல் சொன்னார். அவளுக்கும் அண்ணன் வருகிற நாளில்தான் முகத்தில் வெளிச்சம் வரும்.

அப்படி ஒரு நாள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, இந்தக் கழுதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்களா மாப்பிள்ளை என்றார். பம்ப்காரருக்கு உடைந்துவிட்டது.

"அவ சொன்னா மச்சான். மதியமும் சொன்னா, சாயங்காலமும் சொன்னா. நான்தான் கேக்கல."

அவள் வேண்டாம் என்று தலையசைத்ததை அவர் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை. எறும்புக்கடி என்று சொன்னதுவரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டினார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். தங்கையின் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்தார். இந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பம்ப்காரருக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. அழுகைகூட வந்தது. அவள் அழவில்லை. அண்ணன் மிச்சம் வைத்த தட்டை இடது கையால் எடுத்தாள்.

"விரலைப் பத்தி உங்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?" என்றாள். "எனக்கு இருந்தது ஒரே அண்ணன். உங்க மனசு லேசாகணும்னு அவரையும் அனுப்பி வச்சுட்டீங்க."